அந்த 16 கிலோபிட்டுக்குத்தான் காசு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறிய அலுவலகம். சுவரில் பழைய பி.பி.எக்ஸ். பெட்டி, அதாவது வெளி லைன்களை உள்ளே இருக்கும் மேசைத் தொலைபேசிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. அதற்குள் இரண்டு ஐ.எஸ்.டி.என். (டிஜிட்டல் தொலைபேசி) லைன்களும் மூன்று சாதாரண அனலாக் லைன்களும் வருகின்றன. ஐ.எஸ்.டி.என். லைனுக்கு வாடகை கூடுதல். "டிஜிட்டல் லைன், குரல் கணீரென்று இருக்கும்" என்று யாரோ சொல்ல, முன்பிருந்த நிர்வாகி வாங்கிப் போட்டாராம். மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்ததில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சாதாரண லைனாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் காதில் குறையில்லை. குரலில் பெரிய வித்தியாசம் இருக்கக் காரணமே இல்லை. விற்றவர் தவறான காரணத்தைச் சொல்லிச் சரியான பொருளை விற்றிருக்கிறார். ஆகவே அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். இருபது வருடங்களுக்கு மேல் இந்தப் பெட்டிகளோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில், அந்தக் கூடுதல் வாடகை எதற்குப் போகிறது என்று சொல்கிறேன்.

சாதாரண லைன் என்பது தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் ஒரு ஜோடி செம்புக் கம்பி. அதில் 48 வோல்ட் நேர்மின்சாரம் எப்போதும் காத்திருக்கும். ரிசீவரை எடுத்தால் சுற்று முழுமையாகி மின்னோட்டம் பாயும்; அதை வைத்துத்தான் நிலையம் நீங்கள் எடுத்ததைப் புரிந்துகொள்கிறது. குரல் அந்த மின்னோட்டத்தின் மேல் அலையாக ஏறிப் போகிறது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் உள்ள ஒலிகள் வழியிலேயே கழிக்கப்படும். தொலைபேசியில் 'ஸ'வும் 'ஃப'வும் ஒன்றுபோலக் கேட்பது இதனால்தான்.

நிலையத்தை எட்டியதும் குரல் எண்களாக மாறிவிடுகிறது. விநாடிக்கு 8000 முறை அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறார்கள். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு 64,000 பிட், அதாவது 64 கிலோபிட். இந்த யோசனை புதிதல்ல. அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1937-இலேயே இதைக் கண்டுபிடித்தார். அதைச் செய்து காட்ட அன்று ஏற்ற மின்னணுப் பாகங்கள் இல்லை. 1962-இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் ஒரே தடத்தில் 24 பேச்சுகளை எண்களாக அனுப்பத் தொடங்கியது. அடுத்த இருபது, முப்பது வருடங்களில் நிலையங்களும் அவற்றுக்கு இடையிலான பாதைகளும் படிப்படியாக டிஜிட்டல் ஆகிவிட்டன. உங்கள் வாசலிலிருந்து நிலையம் வரையிலான கடைசிச் சில கிலோமீட்டர் கம்பி மட்டும் பழையபடியே இருந்தது.

ஐ.எஸ்.டி.என். செய்தது அந்தக் கடைசித் துண்டையும் டிஜிட்டல் ஆக்கியது, அவ்வளவே. எண்ணாக மாற்றும் வேலையை நிலையத்திலிருந்து எடுத்து உங்கள் மேசைக்குக் கொண்டுவந்தது. மாற்றும் முறை அதே முறை. விநாடிக்கு அதே 8000 அளவுகள், 3400 ஹெர்ட்ஸை ஒட்டிய அதே வரம்பு. குரல் எங்கிருந்து மேம்படும்? இரைச்சலும் உறுமலும் பக்கத்துக் கம்பியின் பேச்சு கசிந்து கேட்பதும் ஒழியும், உண்மைதான். நிலையத்திலிருந்து தூரமாக இருப்பவருக்குக் குரல் மெலிந்து போகாது. சாதாரண லைனில் போகும் குரலும் வரும் குரலும் ஒரே ஜோடிக் கம்பியில் மோதிக்கொள்வதால் எழும் எதிரொலி, உங்கள் பக்கத்தில் எழாது. ஆனால் உங்கள் அலுவலகம் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்து, கம்பியும் நன்றாக இருந்தால், இவற்றில் எதுவும் காதில் விழப்போவதில்லை.

பிறகு வாடகை எதற்கு?

ஒரு ஐ.எஸ்.டி.என். லைனுக்குள் மூன்று தடங்கள் உண்டு. இரண்டு பி சானல்கள், ஒவ்வொன்றும் 64 கிலோபிட். ஒவ்வொன்றிலும் ஒரு பேச்சு போகலாம், அல்லது தரவு போகலாம். மூன்றாவது டி சானல், 16 கிலோபிட். மொத்தம் 144. விற்பவர்கள் இரண்டு 64-ஐப் பற்றித்தான் வாய் நிறையப் பேசுவார்கள். என்னைக் கேட்டால், பணத்தின் பெரும்பங்கு அந்த 16-க்குத்தான். அதில் குரல் போவதில்லை. அழைப்பைப் பற்றிய செய்தி போகிறது.

சாதாரண லைனுக்கு இப்படித் தனி வழி கிடையாது. சாப்பிடுவதும் பேசுவதும் ஒரே வாயால் என்ற நிலை. எண்ணைச் சுழற்றினால், மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி எண்ணிக்கை சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்தினால், குரல் போகும் பாதையிலேயே 'பீப்' ஒலியாக அனுப்ப வேண்டும். மணியடிக்க வேண்டுமா, அதே கம்பியில் 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்சாரத்தை ஏற்ற வேண்டும். (கம்பியின் காப்பை உரித்துக்கொண்டிருக்கும்போது யாராவது அழைத்தால் என்ன ஆகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.) அழைப்பவரின் எண்ணைக் காட்டுவதற்குப் பல நாடுகளில், முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில் மோடம் ஒலியாக அதைத் திணிக்கிறார்கள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டால் எண் தெரியாமல் போவது இதனால்தான்.

வீட்டில் ஒரு தொலைபேசி வைத்திருப்பவருக்கு இது ஒரு குறையே இல்லை. மனிதக் காது கெட்டிக்காரக் காது; "அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்" என்று அதற்குத் தெரியும். பி.பி.எக்ஸ். பெட்டிக்குத் தெரியாது. பல இடங்களில் எதிர்முனை வைத்துவிட்டதை சாதாரண லைன் பெட்டிக்குத் தெளிவாகச் சொல்வதே இல்லை. பெட்டி ஒலியைக் கேட்டு ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால் லைன் மாட்டிக்கொள்ளும்.

ஒரு திங்கட்கிழமை காலை, "மூன்று லைனில் ஒன்றும் வேலை செய்யவில்லை" என்று ஓர் அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். சனிக்கிழமை மதியம் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த மூன்று அழைப்புகளைப் பெட்டி எடுத்துக் குரல் அஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறது. அழைத்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்கள். அது பெட்டிக்குப் புரியவில்லை. 'டூ… டூ… டூ…' என்ற பிஸி டோனை யாரோ பேசுவதாக நினைத்து, நினைவகம் நிரம்பும்வரை பதிவு செய்திருக்கிறது. அதன் பிறகும் லைனை விடவில்லை. ஒன்றரை நாள் அந்த அலுவலகத்தை யாராலும் தொடர்புகொள்ள முடியவில்லை. லைனில் பழுதில்லை, பெட்டியிலும் பழுதில்லை. ஒன்று சொல்லவில்லை, மற்றொன்றுக்குத் தெரியவில்லை.

ஐ.எஸ்.டி.என்-இல் இது நடக்க வழியில்லை. எதிர்முனை வைத்த மாத்திரத்தில் டி சானலில் ஒரு செய்தி வரும், காரண எண்ணோடு. 16 என்றால் வழக்கப்படி பேசி முடித்து வைத்துவிட்டார்கள். 17 என்றால் அவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார். 19 என்றால் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. 1 என்றால் அப்படி ஓர் எண்ணே கிடையாது. 34 என்றால் வழியில் எங்கோ தடம் காலியில்லை. பழுது பார்க்கிறவனுக்கு இது கைவிளக்கு மாதிரி. சாதாரண லைனில் "போக மாட்டேன் என்கிறது" என்பதற்கு மேல் ஒரு தகவலும் கிடைக்காத இடத்தில், இங்கே அழைப்பு எங்கே நின்றது, ஏன் நின்றது என்று எண்ணாகவே கிடைத்துவிடும்.

உள்ளே வரும் அழைப்பும் அப்படித்தான். மணி அடிப்பதற்கு முன்பே யார் அழைக்கிறார், உங்கள் எந்த எண்ணை அழைத்திருக்கிறார், இது பேச்சா தரவா என்ற விவரம் எல்லாம் டி சானலில் வந்துவிடும். ஆகவே ஒரே லைனுக்குப் பல எண்கள் வைத்துக்கொள்ளலாம்: ஒன்று வரவேற்புக்கு, ஒன்று கணக்குப் பிரிவுக்கு, ஒன்று ஃபேக்ஸுக்கு. எது எந்த மேசையில் அடிக்க வேண்டும் என்பதைப் பெட்டி தீர்மானிக்கும். சாதாரண லைனில், சில நாடுகளில் மணியடிக்கும் தாளத்தை மாற்றிச் சமாளிப்பதைத் தவிர்த்தால், ஒரு லைன் ஓர் எண்தான்.

பெட்டி வெளியே அழைக்க லைனைப் பிடிக்கும் அதே கணத்தில் வெளியிலிருந்து ஓர் அழைப்பு வந்தால்? சாதாரண லைனில், எண்ணை அழுத்தப் போனவர் காதில் முன்பின் அறியாத ஒருவர் "ஹலோ, ஹலோ" என்பார். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியாது. போக்குவரத்து அதிகமுள்ள இடங்களில் இது தினமும் நடக்கும். ஐ.எஸ்.டி.என்-இல் யாருக்கு எந்தச் சானல் என்பது முன்கூட்டியே பேசி முடிவாகிவிடுவதால் மோதல் இல்லை.

பெரிய அலுவலகங்கள் வாங்கிய பிரைமரி ரேட் லைனில் (ஐ.எஸ்.டி.என்-இன் பெரிய வகை) இந்த மதிப்பு இன்னும் பளிச்சென்று தெரியும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அது 30 பேச்சுத் தடங்களும் ஒரு செய்தித் தடமும். வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 23-ம் ஒன்றும். முப்பது சாதாரண லைனுக்கு முப்பது ஜோடிக் கம்பி சுவரில் ஏற வேண்டும். இதற்கு இரண்டு ஜோடி போதும். அந்த முப்பது தடத்தின் மேல் நூறு எண்கள் வாங்கி, ஊழியர் ஒவ்வொருவருக்கும் நேரடி எண் கொடுக்கலாம். இதை வாங்கிய எந்த நிறுவனமும் "குரல் எப்படி இருக்கிறது" என்று என்னிடம் கேட்டதாக நினைவில்லை.

தரவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1990-களில் ஐ.எஸ்.டி.என். என்றாலே இணையம் என்று பலர் நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண லைனில் மோடம் போட்டால், 1994-இல் 28.8 கிலோபிட், பிறகு 33.6. டயல் செய்து, கீச்சிட்டு, கரகரத்து, இரண்டு மோடமும் ஒன்றையொன்று அளந்து பார்த்துக் கைகுலுக்குவதற்குள் அரை நிமிடம் போய்விடும். ஐ.எஸ்.டி.என்-இல் ஓரிரு விநாடியில் இணைப்பு வந்துவிடும், சத்தமில்லாமல். வேகம் 64 என்றால் 64. மழை நாளில் 26, வெயில் நாளில் 31 என்ற பேச்சு இல்லை. இரண்டு சானலையும் சேர்த்தால் 128. நடுவில் யாராவது தொலைபேசியில் அழைத்தால் ஒரு சானலை விட்டுக்கொடுத்து 64-இல் தொடரும், பேசி முடித்ததும் மறுபடி 128. இது அன்று மந்திர வித்தை மாதிரி இருந்தது. பில் வந்ததும் மந்திரம் தெளிந்துவிடும். இரண்டு சானல் என்றால் இரண்டு அழைப்புக் கட்டணம்.

1998-இல் 56 கிலோபிட் மோடம் தரமானபோது, "சாதாரண லைனே ஐ.எஸ்.டி.என்-ஐப் பிடித்துவிட்டது" என்று பேசிக்கொண்டார்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. 56 கிடைக்க வேண்டுமென்றால், வழியில் ஒரே ஓர் இடத்தில்தான் அனலாக் மாற்றம் நடக்க வேண்டும். அதாவது மறுமுனையில் இருக்கும் இணைய நிறுவனம் டிஜிட்டல் லைனில்தான் அமர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் பிரைமரி ரேட் லைனில். 56 மோடம் இரண்டை வாங்கி ஒன்றுக்கொன்று பேசவிட்டால் 33.6-ஐத் தாண்டாது. மோடக்காரர் ஐ.எஸ்.டி.என். வாடகை கட்டாமல் தப்பித்தார். அவருக்காக மறுமுனைக்காரர் கட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு ஏ.டி.எஸ்.எல்., அதாவது தொலைபேசிக் கம்பியிலேயே ஓடும் பிராட்பேண்ட், வந்து இந்தப் போட்டியையே முடித்துவைத்தது. அதில் சாதாரண லைனுக்கு எதிர்பாராத யோகம் அடித்தது. குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால், 25 கிலோஹெர்ட்ஸிலிருந்தே பிராட்பேண்டை ஏற்றலாம். ஐ.எஸ்.டி.என்-ஓ, குறியீட்டு முறையைப் பொறுத்து, 80 அல்லது 120 கிலோஹெர்ட்ஸ் வரை தானே இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதே கம்பியில் பிராட்பேண்ட் வேண்டுமென்றால் 138-க்கு மேலே போய்த் தொடங்க வேண்டும். செம்பில் வெகுதூரம் போவது தாழ்ந்த அதிர்வெண்கள்தான், அவை ஐ.எஸ்.டி.என். வசம். ஜெர்மனியில் ஐ.எஸ்.டி.என். பரவலாக இருந்ததால் அங்கே இதற்கென்றே தனி வகை ஏ.டி.எஸ்.எல். பயன்பட்டது. முன்னேறிய லைன் என்று வாங்கியது, அடுத்த முன்னேற்றத்துக்குக் குறுக்கே நின்றது.

குரல் தெளிவு என்ற பேச்சு முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். ஓர் இடத்தில் அது சத்தியம்: வானொலி. 64 கிலோபிட் என்பது பழைய முறையில் குரலை எழுதினால் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் தாங்கும். ஆனால் அந்த 64-க்குள் எதை எழுதுவது என்பது உங்கள் விருப்பம். 1988-இல் வந்த ஜி.722 என்ற முறையில் எழுதினால் அதே 64 கிலோபிட்டில் 7000 ஹெர்ட்ஸ் வரை போகும். மூச்சு இழுப்பது, உதடு ஒட்டிப் பிரிவது எல்லாம் கேட்கும். இரண்டு முனையிலும் அதற்கான கருவி இருந்தால், விளையாட்டு மைதானத்திலிருந்து வர்ணனையாளர் பேசுவது வானொலி நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவதுபோல ஒலிக்கும். பின்னணிக் குரல் கொடுப்பவர்கள் வீட்டிலேயே சின்ன ஒலிப்பதிவு அறை கட்டி, ஐ.எஸ்.டி.என். வழியாக வேறொரு கண்டத்து ஸ்டூடியோவுக்கு வேலை செய்தார்கள். ஒலிபரப்புக்காரர்கள் அதைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: தாமதம் மாறாது. அழைப்பு முடியும்வரை அந்த 64 கிலோபிட் உங்களுக்கே சொந்தம். இரு முனையும் தொலைபேசி நிலையத்தின் ஒரே கடிகாரத்துக்கு நடக்கும். இணைய வழியில் பேசும்போது குரல் திடீரென்று விக்கி, நொண்டி, பிறகு அவசரமாக ஓடி வந்து சேர்கிறதே, அது இங்கே கிடையாது.

வீடியோ கூட்டத்துக்கும் மூன்று லைனைக் கட்டி 384 கிலோபிட்டில் ஓட்டினார்கள். ஒரு பக்கத்தைச் சில விநாடியில் அனுப்பும் டிஜிட்டல் ஃபேக்ஸும் இருந்தது. மறுமுனையிலும் அதே வகை வேண்டும் என்பதால் யாரும் சீந்தவில்லை. கடைகளில் கார்டு தேய்க்கும் கருவி டி சானலிலேயே தன் சிறு செய்தியை அனுப்பும் ஏற்பாடும் சில நாடுகளில் இருந்தது. லைன் இரண்டும் பேச்சில் இருந்தாலும் அது பாட்டுக்கு நடக்கும். மறுபடியும் அந்த 16 கிலோபிட்தான்.

இப்போது சாதாரண லைனின் பக்கம் நின்று பேசுகிறேன், அதற்கும் வக்காலத்து தேவை. மின்சாரம் போனால் அது பேசும். சாப்பாடு நிலையத்தின் பேட்டரியிலிருந்து வருவதால் உங்கள் கட்டடம் இருண்டு கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஐ.எஸ்.டி.என்-இல் சுவரிலுள்ள இணைப்புப் பெட்டிக்கே உள்ளூர் மின்சாரம் வேண்டும். பல நாடுகளில் அவசரத்துக்கு ஒரே ஒரு தொலைபேசியை மட்டும் நிலையத்திலிருந்து உயிர்ப்பித்து வைப்பார்கள். அந்தத் தொலைபேசியும் அதற்கென்று அமைக்கப்பட்டிருக்க வேண்டும். முக்கால்வாசி இடங்களில் அதை யாரும் அமைத்திருக்க மாட்டார்கள், இருட்டில்தான் தெரியவரும்.

பழுதாகும் விதமும் வேறு. மழை பெய்து இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கினால் சாதாரண லைன் கொரகொரக்கும், தூரத்தில் அப்பளம் பொரிக்கிறார்கள் என்று தோன்றும், ஆனாலும் கத்திப் பேசினால் விஷயம் போய்ச் சேரும். ஐ.எஸ்.டி.என். ஒரு வரம்புவரை அந்த ஈரத்தைக் காட்டிக்கொள்ளாது. வரம்பு தாண்டியதும் மொத்தமாகப் படுத்துவிடும். பாதி வேலை என்பது அதற்குத் தெரியாது. நிலையத்திலிருந்து சுமார் ஐந்தரைக் கிலோமீட்டருக்கு மேல் போனால் இடையில் மறுபெருக்கி வைக்க வேண்டும். நீண்ட லைன்களில் குரலைச் சீராக்க அந்தக் காலத்தில் வைத்த கம்பிச்சுருள்கள் வழியில் ஒன்று இருந்தாலும் போதும், டிஜிட்டல் சிக்னல் செத்துவிடும்.

இன்னொரு தொல்லை, கேட்டால் சிரிப்பு வரும். லைன்மேன் கையிலுள்ள சோதனைத் தொலைபேசியை சாதாரண லைனில் மாட்டினால் டயல் டோன் கேட்கும், அல்லது பேச்சு கேட்கும். ஐ.எஸ்.டி.என். லைனில் மாட்டினால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல், அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தின் லைன் இரண்டு முறை காரணமின்றிச் செத்தது. தேடிப் போனால், தெருமுனைப் பெட்டியில் வேலை செய்தவர் சீறலைக் கேட்டு, ஆளில்லாத பழுதுக் கம்பி என்று முடிவுகட்டி, வேறொருவருக்குப் புது இணைப்பு கொடுத்திருக்கிறார். மூன்றாவது முறை நடக்காமலிருக்க அந்த ஜோடியில் சிவப்பு நாடா சுற்றி வைத்தோம்.

கட்டடத்துக்குள்ளேயும் அது செல்லப்பிள்ளைதான். ஒரே பஸ்ஸில் (கட்டடத்துக்குள் ஓடும் பொதுக் கம்பியில்) எட்டுக் கருவிவரை மாட்டலாம் என்பார்கள். உண்மை. ஆனால் அந்தக் கம்பியின் கடைசிச் செருகியில் ஜோடிக்கு ஒன்றாக 100 ஓம் மின்தடை இரண்டு இருக்க வேண்டும். விட்டுப்போனால் முதல் தொலைபேசி நன்றாகப் பேசும், இரண்டாவது சில நேரம் பேசும், மூன்றாவது பேசாது. அரை நாள் தொலைபேசிகளையே மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் சட்டைப் பையில் கிடந்த இரண்டு மின்தடைகளால் அதைத் தீர்த்திருக்கிறேன்.

இத்தனை நுணுக்கம் இருந்ததால்தான் ஊருக்கு ஊர் அதன் கதை மாறியது. விதிமுறைகள் 1984-இல் சர்வதேச அளவில் வெளிவந்தன. ஜப்பான் 1988-இலும் ஜெர்மனி 1989-இலும் அதை விற்கத் தொடங்கி, வீடுகள்வரை கொண்டுபோயின. அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையத் தயாரிப்பாளரும் தனித்தனிப் பேச்சுவழக்கு வைத்திருந்தார்கள். கருவியை மாட்டுகிறவர் நிலையத்தின் வகையைக் கேட்டு, நீளமான அடையாள எண்களையும் கேட்டு எழுத வேண்டியிருந்தது. அங்கே அந்த நான்கு எழுத்துக்கு "ஐ ஸ்டில் டோன்ட் நோ (எனக்கு இன்னும் புரியவில்லை)" என்று விரிவாக்கம் சொல்லிக் கேலி செய்தார்கள். ஜெர்மானியர்களின் கேலி "இதெல்லாம் தேவைதானா?" என்பது. கேலி செய்துகொண்டே வாங்கிப் போட்டார்கள்.

இனி உங்கள் விஷயம். உங்களிடம் இரண்டு ஐ.எஸ்.டி.என். லைன், அதாவது நான்கு பேச்சுத் தடம். கூடவே மூன்று சாதாரண லைன். ஒரே நேரத்தில் ஏழு பேர் வெளியே பேசலாம். உண்மையில் எத்தனை பேர் பேசுகிறார்கள்? பெட்டியின் அழைப்புப் பதிவை எடுத்து ஒரு மாதத்தின் மிகப் பரபரப்பான நேரத்தைப் பாருங்கள். சிறிய அலுவலகத்தில் நான்கைத் தாண்டினால் எனக்கு ஆச்சரியம். எடுப்பதாக இருந்தால் சாதாரண லைனைத்தான் எடுக்கச் சொல்வேன். நீங்கள் எதிர்த்திசையில் யோசித்திருக்கிறீர்கள்.

ஐ.எஸ்.டி.என்-ஐ எடுத்துவிட்டு நான்கு சாதாரண லைன் போட்டால், நேரடி எண்கள் போகும், யார் எந்த எண்ணை அழைத்தார் என்ற விவரம் போகும், மேலே சொன்ன திங்கட்கிழமைக் காலைகள் வரும். மிச்சமாகும் வாடகையை என் போன்றவர்களுக்குக் கொடுத்துவிடுவீர்கள்.

ஆனால் இரண்டிலுமே புதிதாகப் பணம் போடாதீர்கள், ஏனென்றால் இரண்டுமே விடைபெற்றுக்கொண்டிருக்கின்றன. ஜப்பான் 2024 ஜனவரியில் ஐ.எஸ்.டி.என்-இன் தரவு வசதியை முடிவுக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனில் 2023 செப்டம்பரிலிருந்து புதிய அனலாக் லைனும் விற்பதில்லை, ஐ.எஸ்.டி.என்-உம் விற்பதில்லை, பழைய வலையமைப்பை 2027 ஜனவரியில் மூடுவதாக அறிவிப்பு. செம்பும் பழைய நிலையங்களும் இருக்கும் எல்லா இடத்திலும் இதே திசைதான்.

அடுத்து வருவது எஸ்.ஐ.பி. டிரங்க். இணைய இணைப்பின் மேல் ஓடும் தொலைபேசித் தடம். அதைத் திறந்து பார்த்தால் எனக்குப் பழைய முகம் தெரிகிறது. அழைப்பைப் பற்றிய செய்தி ஒரு வழியில், குரல் வேறொரு வழியில். ஐ.எஸ்.டி.என்-இன் 17 அங்கே 486 என்ற எண்ணாக வரும். "அப்படி ஓர் எண்ணே இல்லை" என்ற 1, இணையத்தில் எல்லோரும் பார்த்துச் சலித்த 404 ஆகிவிடும். இதை அதுவாக மொழிபெயர்க்க அட்டவணையே இருக்கிறது. ஆகவே ஐ.எஸ்.டி.என்-இலிருந்து எஸ்.ஐ.பி-க்கு மாறுகிறவருக்கு எண்களும் வசதிகளும் அப்படியே கூட வரும். சாதாரண லைனுக்குத் திரும்பிப் போய்விட்டு, பிறகு அங்கிருந்து எஸ்.ஐ.பி-க்கு மாறுவது, நேர்வழியை விட்டுவிட்டு ஊர்சுற்றிப் போவது.

புதியதில் இழப்பதும் உண்டு. திசைவியும் (ரௌட்டர்) பெட்டியும் மின்சாரமில்லாமல் ஓடாது, யு.பி.எஸ். கட்டாயம். மாறாத தாமதம் போய்விடும். ஃபேக்ஸ் முரண்டு பிடிக்கும். அதற்கென்று உள்ள டி.38 முறையை இரு பக்கமும் ஆதரித்தால்தான் ஒழுங்காகப் போகும்.

மாறும்வரை ஒரு சாதாரண லைனை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கொடுத்துவிடலாம். கொடுப்பதற்கு முன் அவை எங்கே போகின்றன என்று கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிடுங்கள். பில்லை நம்ப வேண்டாம். அலுவலகங்களில் "யாரும் பயன்படுத்தாத" லைன் என்பது பெரும்பாலும் திருட்டு எச்சரிக்கைக் கருவியிலோ தீ எச்சரிக்கைப் பெட்டியிலோ போய் முடிந்திருக்கும். முக்கியமாக, லிஃப்டுக்குள் ஒரு தொலைபேசிப் பொத்தான் இருக்கும். ஒவ்வொரு லைனாகக் கழற்றிவிட்டு, ஒருவர் லிஃப்டில் நின்று அந்தப் பொத்தானை அழுத்தட்டும். எந்த லைனைக் கழற்றியபோது மறுமுனை பதில் சொல்லவில்லையோ, அந்த லைனில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.